81 பில்லியன் டாலர் வந்ததாம், கையில் நின்றது எவ்வளவு? அந்நிய முதலீடு பற்றி எங்கள் வீட்டில் சண்டை

அல்சூர் ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பொருளாதாரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள், வீட்டில் மானம் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. மாமனார் எங்கள் பெங்களூரில் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மச்சான் மான்யதா டெக் பார்க்கில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் இருக்கிறான். பிரியாணி பாதியில் இருக்கும்போது, "வெளிநாட்டுக் கம்பெனி வரலன்னா இந்த ஊர் இன்னும் பென்ஷன்காரங்க ஊராத்தான் இருந்திருக்கும்" என்று மச்சான் எடுத்துவிட்டான். மாமனாருக்கு அது போதாதா? "எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல்.னு அரசாங்க ஃபேக்டரிங்க, நாங்க எல்லாம் இருந்ததாலதான்டா அவன் இந்த ஊரைத் தேடி வந்தான். 1978-ல ஐ.பி.எம். மூட்டை கட்டிட்டுப் போச்சு, நாடு நின்னா போச்சு? அந்த இடத்துலதான் விப்ரோவும் எச்.சி.எல்.லும் கம்ப்யூட்டர் பண்ண ஆரம்பிச்சாங்க" என்றார். மச்சான் விடுவானா, "போன் கனெக்‌ஷனுக்கு எழுதி வச்சுட்டு எத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தோம்னு அம்மாவைக் கேளுங்க" என்றான். அத்தை தயிர்ப்பச்சடி எடுக்க உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

நடுவில் நான் சும்மா இருந்திருக்கலாம். 2024-25-இல் இந்தியாவுக்கு 81 பில்லியன் டாலர் அந்நிய நேரடி முதலீடு (எஃப்.டி.ஐ.) வந்தது, ஆனால் நிகரமாக நின்றது ஒரு பில்லியனுக்கும் கீழே என்று எங்கேயோ படித்ததைச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "அப்போ வந்த பணம் எங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அதுதான் என் கேள்வி. பணம் எங்கே போனது, அதோடு இந்த முதலீட்டால் ஒரு நாடு உண்மையிலேயே முன்னேறுகிறதா இல்லை வந்தவன் சம்பாதித்துக்கொண்டு போவதோடு சரியா. அக்கா பையன் கர்நாடக அரசு அதிகாரிகளுக்கான கே.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறான், அவனுடைய கைடில் 'நன்மைகள்' பத்தும் 'தீமைகள்' பத்தும் போட்டிருக்கிறது, அது வேண்டாம். உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

சார், பணம் ஓடிப்போகவில்லை, கணக்கு எழுதும் முறை அப்படி. 81 வந்ததா, ஏற்கெனவே இங்கே முதல் போட்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் பங்கை விற்றும் முதலைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு போனது 51-க்கு மேல், நம் ஊர்க் கம்பெனிகள் வெளிநாட்டில் போய்ப் போட்ட முதல் 29 சொச்சம். இரண்டையும் கழித்துப் பாருங்கள், ஒன்றும் தேறாது. ரிசர்வ் வங்கி 'நிகரம்' என்று போடுவது இதைத்தான். நம் ஆள் வெளியே போய் ஒரு ஃபேக்டரி வாங்குவதையும் இதில் கழிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள், அது நஷ்டமே இல்லை.

எடுத்துக்கொண்டு போனது எப்படி என்றால், 2024 அக்டோபரில் ஹூண்டாய் ஐ.பி.ஓ., அதாவது முதன்முதலாகச் சந்தையில் பங்கு விற்றது, ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட 27,870 கோடி ரூபாய். முழுக்கப் பழைய பங்கு விற்பனை, புதுப் பங்கு ஒன்றுகூடக் கிடையாது, அதனால் பணம் கொரியாவில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் போனது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. 1998-இல் சான்ட்ரோ வந்த அதே இடத்திலிருந்து இன்றைக்கும் கார் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த மாதமே நம் ஊர் ஸ்விகி ஐ.பி.ஓ., அதிலும் பழைய வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கொஞ்சம் விற்றார்கள். வருவதும் போவதும் சுலபமாக இருப்பது முதிர்ந்த சந்தைக்கு அடையாளம் என்கிற மாதிரி ரிசர்வ் வங்கி இதற்கு விளக்கம் சொன்னது. பந்தியில் இலை சீக்கிரம் காலியானால் எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள் என்றும் சொல்லலாம், சாம்பார் பிடிக்காமல் எழுந்து போனார்கள் என்றும் சொல்லலாம், இல்லையா?

எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் அந்த 81-இன் மேல்தான். நான் சி.ஏ. ஆபீஸில் ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) ஃபைலிங் பார்ப்பவன். வெளிநாட்டுப் பணம் வந்து பங்கு ஒதுக்கினால் முப்பது நாளுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். ஃபார்ம் போட வேண்டும், அது புதுப் பணம், சரி. ஆனால் இங்கே ஏற்கெனவே இருக்கும் கம்பெனி சம்பாதித்த லாபத்தைத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்துக்கொண்டால் அதுவும் 'மறுமுதலீடு' என்று அதே 81-க்குள் வந்துவிடும், எல்லையை ஒரு டாலர்கூடத் தாண்டியிருக்காது. பழைய பங்கை ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கினாலும் எஃப்.டி.ஐ.தான், அதில் புதிதாக ஒரு செங்கல் வைத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. 2018-இல் வால்மார்ட் ஃபிளிப்கார்ட்டை வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள், 77 சதவீதத்துக்கு 16 பில்லியன் டாலர், ஊரே கொண்டாடியது. அதில் கம்பெனிக்குள் புதுப் பணமாக வந்தது 2 பில்லியன். மீதி பழைய பங்குதாரர்கள் பைக்குப் போனது, அவர்களில் பெரிய ஆட்கள் பலர் வெளிநாட்டுக்காரர்கள், தாய்க் கம்பெனியே சிங்கப்பூரில் பதிவானது. கோரமங்களாவில் நடந்த வியாபாரம், பணம் கைமாறியது வேறெங்கோ.

மொரிஷியஸ் கதையை எடுத்தால் விடிந்துவிடும். அந்தக் குட்டித் தீவிலிருந்து நமக்கு இவ்வளவு முதலீடு வந்ததற்கு பங்கு விற்ற லாபத்துக்கு இங்கே வரி இல்லாமல் செய்த, 1983-இல் அமலான வரி ஒப்பந்தம்தான் காரணம், நம் ஊர்ப் பணமே ஒரு சுற்று சுற்றிவிட்டு அந்த வழியாகத் திரும்பி வந்ததும் உண்டு. 2016-இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள்.

பெயர் வேண்டாம் 47:

கிழக்கிந்தியக் கம்பெனியும் வியாபாரம் பண்ணத்தான் வந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை:

அவர்கள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். போடவில்லை தம்பி, அதுதான் பிரச்சினை.

பீன்யா செகண்ட் ஸ்டேஜ்:

எனக்குப் பில்லியன் கணக்கெல்லாம் வராது. டிப்ளமோ முடித்தவன், பீன்யாவில் ஆறு சி.என்.சி. மெஷின் வைத்து டர்னிங் ஜாப் ஒர்க் பண்ணுகிறேன், அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு பழைய லேத்தோடு ஆரம்பித்த ஷெட். அங்கே நடந்ததைச் சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

2009 வாக்கில் ஒரு பெரிய வெண்டர் எங்களுக்கு ஒரு பின் கொடுத்தார். ஜப்பான்காரர்களும் இந்தியக் கம்பெனியும் கூட்டாக நடத்தும் ஃபேக்டரி அது, அவர்கள் கார் கம்பெனிக்குக் கொடுப்பார்கள், நாங்கள் அவர்களுக்குக் கொடுப்போம், எங்கள் பாஷையில் நாங்கள் டையர்-2. விரல் நீளம் பீஸ், விட்டம் பத்து மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல், பிசகக் கூடாது. நூறு பீஸ் போட்டால் நாலு ரிஜெக்ட் ஆகும். நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, ஏனென்றால் அப்போது பீன்யாவில் எல்லோருக்கும் அப்படித்தான், நாலு பீஸ் அதிகம் போட்டு அனுப்பினால் போச்சு. ரிஜெக்ட் ஆனதுக்குப் பணம் கேட்டு டெபிட் நோட் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவோம்.

ஒருநாள் அங்கிருந்து ஒரு ஜப்பான்காரர் வந்தார், அறுபது வயசு இருக்கும். நான் புது மெஷினைக் காட்டலாம் என்று முன்னால் போகிறேன், அவர் நேராகச் சிவப்பு டப்பா எங்கே என்று கேட்டார். ரிஜெக்ட் ஆன பீஸ் போடும் டப்பா. எங்களிடம் சிவப்பும் இல்லை டப்பாவும் இல்லை, எல்லாம் ஒரு மூலையில் கோணிப்பையில் கிடந்தது. அந்த மனிதர் தரையில் கோணியை விரித்துக் கொட்டி, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து வரிசையாக அடுக்கினார். ஒரு மணி நேரம். பார்த்தால் முக்கால்வாசி பீஸின் விட்டம் அளவுக்கு மேல் பெருத்திருந்தது, அதாவது இன்சர்ட் என்கிற வெட்டும் முனை தேய்ந்து போன பிறகும் ஆபரேட்டர் அதை மாற்றாமல் ஓட்டியிருக்கிறார். 'இன்சர்ட் எப்போது மாற்றுவீர்கள்?' என்று கேட்டார். எங்கள் ஆபரேட்டர் 'சத்தம் மாறும்போது' என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் ஜப்பான்காரர் சிரிக்கவே இல்லை.

அவர் சொன்னது ஒன்றுதான், மெஷின் பக்கத்தில் ஒரு பலகை மாட்டு, இத்தனை பீஸுக்கு ஒரு முறை என்று எழுது, சத்தம் மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த எண் வந்தால் மாற்று, இருபத்தைந்து பீஸுக்கு ஒரு தடவை அளந்து பலகையில் புள்ளி வை. இதற்குக் காசு கிடையாது, சாக்பீஸ் செலவு. மூன்று மாதத்தில் நூற்றுக்கு நாலு என்பது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று என்று இறங்கியது. அதே பழக்கத்தை ஹைட்ராலிக் பம்ப் பண்ணும் வேறு ஒரு உள்ளூர்க் கம்பெனிக்கும் கொண்டுபோனோம், அங்கேயும் பேர் வாங்கினோம். இது எந்த 81 பில்லியனிலும் எழுதியிருக்காது.

அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் 'காஸ்ட் டவுன்' என்று ஒரு மெயில் வரும், போன வருஷ விலையிலிருந்து மூன்று சதவீதம் குறை. ஸ்டீல் விலை ஏறினாலும் குறை. பணம் தொண்ணூறு நாளுக்குத்தான் வரும், சிறு தொழிலுக்கு 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. 2024 ஏப்ரலிலிருந்து, அப்படிக் கொடுக்காத தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று வந்த பிறகுதான் கொஞ்சம் நகர்கிறது. அப்புறம் ஒரு நாள் அவர்களுடைய நாட்டிலிருந்தே இன்னொரு வெண்டர் வந்து பக்கத்தில் ஃபேக்டரி போட்டார், கஷ்டமான பீஸ் எல்லாம் அங்கே போனது, எங்களுக்கு வாஷரும் ஸ்பேசரும் மிச்சம். என்னுடைய இரண்டு நல்ல ஆபரேட்டர்களையும் பெரிய கம்பெனி தூக்கிக்கொண்டது. நான் கொடுத்த சம்பளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, பஸ், கேன்டீன். நான் என்ன சொல்லித் தடுக்க முடியும்? அதில் ஒருவன் ஏழு வருஷம் கழித்து நெலமங்கலா பக்கம் சொந்தமாக மூன்று மெஷின் போட்டிருக்கிறான், எனக்கே போட்டி. நல்லாத்தான் பண்ணுகிறான்.

ஒயிட்ஃபீல்ட் ராசாத்தி:

பீன்யா அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸில் பலகை இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது, ஆனால் அதில் எல்லோரும் பொய் எழுதுகிறோம்.

நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். அல்சூர் சாரின் மச்சான் வேலை பார்ப்பது போன்ற ஜி.சி.சி.யில்தான், அதாவது வெளிநாட்டுக் கம்பெனி தன் சொந்த வேலைக்காகவே இங்கே நடத்தும் மையத்தில்தான், நானும் இருக்கிறேன், 2011-இல் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். நாடு முழுக்க 1,700-க்கு மேல் இருக்கின்றன, 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று 2024-இல் ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணக்கு சொன்னது, அதில் பெரிய பங்கு இந்த ஊரில். முன்பெல்லாம் அமெரிக்காவில் எழுதியதை நாங்கள் சோதித்துக் கொடுப்போம், இப்போது எங்கள் புராடக்டில் என்ன வர வேண்டும் என்பதை இங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறோம். வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் கண்டுபிடிக்கும் எதுவும் இங்கே இருக்கும் கம்பெனிக்குச் சொந்தமில்லை. இங்கே இருப்பது 'காஸ்ட் பிளஸ்', அதாவது எங்களுக்கு ஆகும் செலவுக்கு மேல் சில சதவீதம் போட்டுத் தாய்க் கம்பெனிக்கு பில் அனுப்புவோம், அந்தச் சில சதவீதம்தான் இங்கே லாபம், இந்திய அரசுக்குக் கம்பெனி வரி அதிலிருந்துதான். பேட்டன்ட் அங்கே, அதிலிருந்து வரும் பெரிய காசும் அங்கே. இந்த ஊரில் தங்குவது எங்கள் சம்பளம், அதிலிருந்து பிடிக்கும் வரி, நாங்கள் செலவழிப்பது, அவ்வளவுதான்.

அந்தச் செலவழிப்பு யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டு ஓனருக்கு, பி.ஜி. நடத்துபவருக்கு, தண்ணீர் டேங்கர்காரருக்கு. 2024 மார்ச்சில் எங்கள் அபார்ட்மென்ட்டில் போர்வெல் வற்றிப் போய், ஒரு டேங்கருக்கு முன்பு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தும் ராத்திரி ஒரு மணிக்குத்தான் வந்தது, வாட்ஸ்அப் குரூப்பில் 'டேங்கர் கேட்டுக்கு வந்துவிட்டது' என்று மெசேஜ் வந்தால் ஏதோ கலெக்டர் வந்த மாதிரி எல்லோரும் பக்கெட்டோடு எழுந்தோம். புறநகரிலிருந்து ஊருக்குள் சேர்த்த 110 கிராமங்களுக்கும் காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீர் திறந்தது அந்த அக்டோபரில்தான். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா திருவண்ணாமலைக்காரர், தகர ஷீட் போட்ட ஒற்றை அறைக்கு அவர் கொடுக்கும் வாடகை நான் வந்த பிறகு மூன்று தடவை ஏறிவிட்டது. அவருக்குக் கூலியும் ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வாடகை முன்னால் ஓடுகிறது. டெக் பார்க் வந்துவிட்டது, குழாய் பதினைந்து வருஷம் கழித்து வந்தது, இதற்கு வெளிநாட்டுக் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

மாலை வகுப்பு வாத்தியார்:

பாடம் நடத்தும் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீன்யா நண்பர் எழுதியதைப் படித்து எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் பல வருஷம் தோண்டி எடுத்ததை அவர் ஒரு கோணிப்பையில் கொட்டிவிட்டார். வெனிசுலாவில் ஆயிரக்கணக்கான ஃபேக்டரிக் கணக்குகளை வைத்துச் செய்த ஒரு பழைய ஆய்வு, அந்நியக் கம்பெனி எந்தத் தொழிலில் இறங்குகிறதோ அதே தொழிலில் இருக்கும் உள்ளூர்க் கம்பெனிகளின் உற்பத்தித்திறன் குறைந்தது என்று காட்டியது. சந்தையையும் நல்ல ஆட்களையும் வந்தவர் எடுத்துக்கொள்கிறார். பின்னால் லித்துவேனியாவில் செய்த ஆய்வு வேறு பக்கம் பார்த்தது. போட்டியாளரை விட்டுவிட்டு, வந்த கம்பெனிக்குப் பொருள் கொடுக்கிறவரைப் பார்த்தது. அங்கே உற்பத்தித்திறன் ஏறியிருந்தது, அதுவும் முழுக்க அந்நியருக்குச் சொந்தமான கம்பெனியைவிட உள்ளூர்க் கூட்டாளி இருக்கும் கம்பெனிக்குப் பொருள் கொடுப்பவர்களுக்கு. ஆக எஃப்.டி.ஐ. நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் வராது. வந்தவர் தனக்கு வேண்டியதை எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள்.

மாருதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் சுசூகி வரும்போது 26 சதவீதப் பங்குதான், முதல் கார் 1983 டிசம்பரில். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியதுதான். ஆனால் இத்தனை வருஷத்துக்குள் இத்தனை பாகம் உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்று அரசு கழுத்தைப் பிடித்தது, அதனால் மாருதியே குர்காவ் பக்கம் உள்ளூர் ஆட்களோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் ஃபேக்டரி வைக்க வேண்டி வந்தது. இன்றைக்கு நம் ஆட்டோ பாகங்கள் உலகம் முழுக்கப் போவதற்கு வேர் அங்கே இருக்கிறது. இப்போது அந்த மாதிரி நிபந்தனை போட உலக வர்த்தக அமைப்பின் விதிகள் விடாது, அதனால் பி.எல்.ஐ. என்று ஊக்கத்தொகை கொடுத்து அதே வேலையைச் செய்யப் பார்க்கிறோம். குச்சி போய் வெல்லம் வந்திருக்கிறது.

நிபந்தனையும் இல்லாமல் வேரும் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006-இல் ஆரம்பித்து, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை, பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்து இளம் பெண்கள். வரித் தகராறு, ஸ்மார்ட்போனில் நோக்கியா தோற்றது, மைக்ரோசாஃப்ட் போன் தொழிலை வாங்கும்போது இந்த ஃபேக்டரியை மட்டும் விட்டுவிட்டது, எல்லாம் சேர்ந்து 2014 நவம்பரில் மூடினார்கள். சிப் போன்ற முக்கியப் பாகங்கள் பெரும்பாலும் இறக்குமதி, இங்கே நடந்தது பெரும்பாலும் பூட்டுவதுதான், அதனால் அது போனபோது பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. கோஸ்டா ரிக்காவிலும் இன்டெல் தொண்ணூறுகளின் கடைசியில் வந்து, 2014-இல் அசெம்பிளியை ஆசியாவுக்கு எடுத்துக்கொண்டு போனது. ஆனால் டிசைன் வேலை அங்கே தங்கியது, ஏனென்றால் நடுவில் அந்த நாடு எஞ்சினியர்களை உருவாக்கி வைத்திருந்தது. மலேசியாவின் பினாங்கில் 1972-லேயே இன்டெல் இறங்கியது, அங்கே அந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களே வெளியே வந்து மெஷின் செய்து கொடுக்கும் கம்பெனிகள் தொடங்கினார்கள், இன்றுவரை நிற்கிறார்கள். உங்கள் நெலமங்கலா பையன் கதைதான்.

ஜி.டி.பி. ஏறினால் முன்னேற்றம் என்று சொல்கிற மச்சானுக்கு அயர்லாந்தைக் காட்டுங்கள். 2015-இல் அந்த நாட்டு ஜி.டி.பி. ஒரே வருஷத்தில் சுமார் 25 சதவீதம் ஏறியது. ஜனங்கள் அந்த அளவுக்குச் சம்பாதிக்கவில்லை, பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் பேட்டன்ட் போன்ற சொத்துகளை வரி குறைந்த அயர்லாந்துக்குப் பெயர் மாற்றின. அவர்களே வெட்கப்பட்டு, இந்த மாயத்தைக் கழித்துப் பார்க்கத் தனியாக ஒரு தேசிய வருமானக் கணக்கை வைத்துக்கொண்டார்கள். ராசாத்தி மேடம் சொன்ன பேட்டன்ட் கதையின் மறுபக்கம் இது, இங்கே உழைப்பு இருக்கிறது சொத்து இல்லை, அங்கே சொத்து இருக்கிறது உழைப்பு அவ்வளவு இல்லை.

மாமனாருக்கு: ஐயா சொன்னதில் பெரிய பங்கு சரி. 1998-இல் 69 வளரும் நாடுகளை வைத்து வந்த ஒரு ஆய்வு, படித்த ஜனங்கள் ஓரளவுக்கு மேல் இருக்கும் நாட்டில்தான் அந்நிய முதலீடு வளர்ச்சியைக் கூட்டுகிறது என்றது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1985-இல் மில்லர்ஸ் ரோட்டில் கடை போட்டபோது டிஷ் ஆன்டெனாவை மாட்டு வண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாட்டு வண்டி பற்றியே பேசுகிறோம். அந்த ஆன்டெனாவின் கீழே உட்கார்ந்து சிப் டிசைன் பண்ண ஆள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று கேட்பதில்லை. 1909-இலிருந்து ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்), 1940-இலிருந்து எச்.ஏ.எல்., 1948-இல் ஐயாவுடைய ஐ.டி.ஐ., அப்புறம் எச்.எம்.டி., பி.இ.எல்., இவ்வளவும் டெக்சாஸ்காரர் வருவதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாலேயே போட ஆரம்பித்த செலவு.

ஆனால் மச்சானும் முழுத் தப்பில்லை. கதவைச் சாத்தினால் தானாக வளர்ந்துவிடுவோம் என்றால் எல்லா சாத்திய கதவுக்குப் பின்னாலும் விப்ரோ இருந்திருக்க வேண்டும். கொரியா அந்நியக் கம்பெனிகளைப் பெரிதாக உள்ளே விடாமல், கடன் வாங்கி லைசன்ஸ் வாங்கி வளர்ந்தது, சிங்கப்பூர் எல்லோரையும் கூப்பிட்டு வளர்ந்தது. இரண்டும் பிழைத்தன. இரண்டிலும் தொழிற்பயிற்சிப் பள்ளி நன்றாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், வகுப்புக்கு நேரமாகிறது.

பெயர் வேண்டாம் 47:

வாத்தியார் இவ்வளவு சொல்லியும் நரசாபுரம் பற்றிச் சொல்லவில்லையே. 2020 டிசம்பரில் கோலார் பக்கம் ஐபோன் பூட்டும் ஃபேக்டரியில் சம்பளம் சரியாக வரவில்லை என்று கண்ணாடியெல்லாம் உடைந்ததே, அதுவும் எஃப்.டி.ஐ.தானே?

மாலை வகுப்பு வாத்தியார்:

ஆமாம், அதைச் சொல்லியிருக்க வேண்டும், நியாயமான அடி. விஸ்ட்ரான் ஃபேக்டரி. பெரும்பாலானவர்கள் காண்டிராக்டர்கள் மூலம் எடுத்த ஆட்கள், சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள், சம்பளக் கணக்கும் ஓவர்டைம் கணக்கும் குளறுபடி. சம்பளம் சரியாகக் கொடுக்கவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, ஆப்பிள் கொஞ்ச காலம் புது ஆர்டர் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் எத்தனை தடவை உள்ளே போனார் என்பது நம் பக்கத்துக் கேள்வி. 2023-இல் டாடா அந்த ஃபேக்டரியை வாங்கிவிட்டது, அதாவது அந்நியர் போட்ட ஃபேக்டரி இப்போது உள்ளூர்க் கையில். கணக்குப்பிள்ளை சாரின் 51 பில்லியனில் இந்த மாதிரி விற்றுவிட்டுப் போனவையும் அடங்கும்.

அல்சூர் ஏரிக்கரை:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வாத்தியார் 'ஐயாவுடைய ஐ.டி.ஐ.' என்று எழுதிய இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மச்சானுக்கு காஸ்ட் பிளஸ் விஷயம் உறுத்துகிறது, 'அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்' என்று சொல்லிவிட்டு, எழுந்து பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் போட்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அத்தை இந்தத் தடவை வெளியே வந்து உட்கார்ந்தார், போனுக்கு ஏழு வருஷம் காத்திருந்தோம், வந்த அன்றைக்குத் தேங்காய் உடைத்தோம் என்றார்.

பீன்யா சாருக்கு மாமனார் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "அந்த ஜப்பான்காரர் வர்றதுக்கு முன்னாடி மைக்ரோமீட்டர் பிடிக்க உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

பீன்யா செகண்ட் ஸ்டேஜ்:

எங்கள் மேஸ்திரி சார். ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் டிரெய்னிங் எடுத்து, அங்கேயே டூல் ரூமில் இருபது வருஷம் இருந்துவிட்டு, வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிக்கொண்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தார். முதல் ஆறு மாதம் என்னை மெஷினைத் தொடவே விடவில்லை, ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரமாக்கு என்று உட்கார வைத்துவிட்டார். ஜப்பான்காரர் தரையில் பீஸ் அடுக்கிய அன்றைக்கு அவரும் பக்கத்தில்தான் நின்றார். அந்த ஆள் போன பிறகு, "இதையேதான்டா நான் பத்து வருஷமா சொல்றேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து சொன்னாத்தான் உங்களுக்கு ஏறும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.